கொசு, வண்டு, இன்சுலின்: உயிரித் தொழில்நுட்பச் சட்டம் பற்றி எங்கள் ஊரார் கேட்ட கேள்விகள்

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் மண்டபத்தில் பெற்றோர்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் உயிரித் தொழில்நுட்பத்தைப் பற்றி ஒரு மாலை பேசினேன். பேச்சு முக்கால் மணி நேரம், கேள்விகள் இரண்டு மணி நேரம். சிலருக்கு அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டிப் பார்த்து எழுதியவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன். நான் செம்பனை விதை ஆய்வகம் ஒன்றில் 26 ஆண்டு உதவியாளராக வேலை பார்த்தவள். அதற்கு முன்பு லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள். என் பதில்களில் இரண்டும் கலந்தே இருக்கும்.

உயிரித் தொழில்நுட்பம் என்கிறீர்களே, அது நம் ஊரில் எங்கே இருக்கிறது?

உங்கள் வீட்டு ஐஸ்பெட்டியைத் திறந்து பாருங்கள். கதவுத் தட்டில் அம்மாவோ மாமாவோ போட்டுக்கொள்ளும் இன்சுலின் இருக்கும். முன்பு அதை மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். மனித இன்சுலினுக்கான மரபணுவை நுண்ணுயிருக்குள் வைத்து, அதையே இன்சுலின் செய்ய வைத்த மருந்து 1982ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று அரசாங்க கிளினிக்கில் கொடுப்பது அந்த வழியில் வந்ததுதான். கோழித் தீவனத்தில் கலக்கும் சோயா பெரும்பாலும் மரபணு மாற்றிய பயிர். நீங்கள் நடும் செம்பனைக் கன்று திசு வளர்ப்பில் வந்திருக்கலாம். உலாட் புங்குஸ் என்று நாம் சொல்லும் பைப்புழு மட்டைகளைச் சல்லடையாக்கும்போது தோட்டத்தில் அடிக்கிறார்களே பாக்டீரியா மருந்து, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

மலேசியாவில் இதற்கென்று சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2007ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 678. 2009 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. மரபணு மாற்றிய உயிருள்ள பொருள்களை நாட்டுக்குள் கொண்டுவருவது, ஆய்வகத்தில் கையாள்வது, வெளியில் விடுவது எல்லாம் இதன்கீழ் வரும். முடிவெடுப்பது தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியம். அறிவியல் பக்கத்தை ஆராய்ந்து வாரியத்துக்குச் சொல்ல விஞ்ஞானிகள் அடங்கிய ஓர் ஆலோசனைக் குழுவும் உண்டு.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் இரண்டு வாசல்கள். மூடிய ஆய்வகத்துக்குள் மட்டும் நடக்கும் வேலைக்கு வாரியத்திடம் தெரிவித்தால் போதும். ஆய்வகம் தன் சொந்தப் பாதுகாப்புக் குழுவை வைத்திருக்க வேண்டும், கதவு, கழிவு, உடை எல்லாவற்றுக்கும் விதி உண்டு, ஆனாலும் வேலையைத் தொடங்க மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. அதே பொருளை வெளியே, காற்றும் மழையும் உள்ள நிலத்தில் விட வேண்டுமென்றால் அனுமதி வேண்டும். அதற்கு ஆபத்து மதிப்பீடு, அவசர நேரத் திட்டம், பொதுமக்கள் கருத்து எல்லாம் உண்டு. குழாயில் இருப்பதையும் காட்டில் விடுவதையும் ஒரே தராசில் நிறுத்தாமல் இருப்பதுதான் நல்ல கட்டுப்பாட்டின் முதல் அடையாளம் என்பது என் எண்ணம்.

இத்தனை விதி போட்டால் புதுசாக எதுவும் வராமல் போய்விடாதா?

பள்ளி மண்டபத்தில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. நம் தோட்டங்களிலேயே இதற்குப் பதில் பறந்துகொண்டிருக்கிறது.

செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். இங்கே வணிகத்துக்காக முதலில் நட்டது 1917ல், கோலசிலாங்கூர் பக்கம் தென்னமரான் தோட்டத்தில். மரம் வந்தது, ஆனால் அதற்கு மகரந்தம் சுமக்கும் பூச்சி கூட வரவில்லை. அதனால் பல பத்தாண்டுகள் மனிதக் கைகளே அந்த வேலையைச் செய்தன. என் அம்மா செய்திருக்கிறார். மகரந்தத்தோடு டால்க் மாவைக் கலந்து, பீய்ச்சும் சின்னக் குப்பியில் போட்டுக்கொண்டு, மரத்துக்கு மரம் போய்ப் பெண்பூவைத் தேடி, முள் மட்டையை ஒரு கையால் விலக்கி, மறுகையால் பூவின்மேல் ஊதுவார்கள். மாலையில் வீடு திரும்பும்போது அம்மாவின் தலைத்துணியில் வெள்ளை மாவு படிந்திருக்கும். பக்கத்தில் போனால் சோம்பு வாசம் அடிக்கும். செம்பனைப் பூவின் வாசம் அது.

கேமரூனில் இந்தப் பூக்களைச் சுற்றி வண்டுகள் மொய்ப்பதைப் பார்த்திருந்தார்கள். ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியல் வல்லுநர் அங்கே போய், மகரந்தம் சுமப்பது அந்த வண்டுகள்தான் என்று நிறுவினார். அடுத்த விமானத்தில் ஒரு பெட்டி வண்டை அனுப்பிவிடவில்லை. வேறு பயிர்களைத் தின்னுமா, வேறு எதிலாவது முட்டையிடுமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். செம்பனையின் ஆண்பூவை விட்டால் அதற்குப் பிழைப்பே இல்லை என்று உறுதியான பிறகும், ஆப்பிரிக்க நோய் எதுவும் தொற்றி வராதபடி தனிமைப்படுத்தி வளர்த்தார்கள். 1981 பிப்ரவரியில் ஜொகூர், குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் விட்டார்கள். ஓரிரு ஆண்டுக்குள் தீபகற்பம் முழுதும் பரவிவிட்டது. குலைகளில் காய் பிடிப்பது கூடியது. குப்பி வேலை நின்றுபோனது.

அந்தச் சோதனைகளைத் தடை என்று யாராவது சொல்வார்களா? ஒருமுறை விட்ட வண்டைத் திரும்பப் பிடிக்க முடியாது. விடுவதற்கு முன்னால் செலவழித்த காலம்தான், பின்னால் எவரும் பயப்படாமல் அதை ஏற்றுக்கொள்ள வைத்தது.

அப்போ அந்த வண்டால் யாருக்கும் நட்டமே இல்லையா, அக்கா?

இதைக் கேட்ட தம்பி பழம் வெட்டும் வேலையில் இருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி.

வண்டு வந்ததால் எத்தனையோ பெண்கள் குப்பி வேலையிலிருந்து வேறு வேலைக்குப் போனார்கள். என் அம்மா மருந்தடிக்கும் கூட்டத்துக்குப் போனார். முதுகில் பம்பு, கையில் குழல், மரத்தைச் சுற்றிப் புல்லுக்குப் பாராகுவாட் என்ற களைக்கொல்லி. அந்தத் தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கையுறை கொடுத்தார்கள், கிழிந்த பிறகு மாற்றிக் கொடுக்கவில்லை. பம்பு ஒழுகி இடுப்புவரை ஊறிப்போன பாவாடையோடு வருவார். ஓர் ஆண்டில் வலது கை நகங்கள் இரண்டு வெளுத்து, அடியோடு கழன்று விழுந்தன. சோறு பிசையும்போது விரல் எரியும் என்று கரண்டியால் சாப்பிட்டார். பிரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) சொன்னதற்கு, சோப்புப் போட்டுக் கழுவு என்றார்கள்.

பாராகுவாட்டுக்கு மாற்று மருந்து கிடையாது. வாய்க்குள் ஒரு மடக்கு போனாலும் உயிர் போகும். மலேசியா 2002ல் அதைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. 2006ல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ல். நடுவில் போன ஆண்டுகளை விரல்விட்டு எண்ணுங்கள்.

பாராகுவாட் உயிரித் தொழில்நுட்பம் இல்லை. இருந்தும் இதை இங்கே சொல்கிறேன். கட்டுப்பாடு என்ற பேச்சு எழும்போதெல்லாம் "பொதுமக்கள்" என்று ஒரு சொல் வரும். அந்தப் பொதுமக்களில் முதல் ஆள், புதுப் பொருளை முதலில் கையால் தொடுகிறவர். கடையில் வாங்குகிறவருக்கு முன்னால் தோட்டத்தில் கலக்கிறவர் இருக்கிறார். அவரைக் கணக்கில் எடுக்காத எந்த மதிப்பீடும் அரைகுறைதான்.

சட்டம் 678ல் இதற்கு ஒரு பிடி இருக்கிறது. 35ஆம் பிரிவு, முடிவெடுக்கும்போது சமூக, பொருளாதார விளைவுகளையும் கருதலாம் என்கிறது. பாதிக்கப்படக்கூடிய மக்களின் பிழைப்பு எப்படி மாறும், அவர்களின் சமயம், பண்பாடு இவற்றை எப்படித் தொடும் என்பதெல்லாம் அதில் அடங்கும். "கருதலாம்" என்று இருப்பது "கருத வேண்டும்" என்று மாறினால் நான் மகிழ்வேன்.

பெந்தோங்கில் மரபணு மாற்றிய கொசுவை விட்டார்களாமே?

ஆமாம். 2010 டிசம்பரில் பகாங், பெந்தோங் பக்கம், ஆளில்லாத காட்டுப்பகுதியில். மலேசிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய சோதனை. ஏறக்குறைய 6,000 மரபணு மாற்றிய ஆண் ஏடிஸ் கொசுக்கள். ஆண் கொசு கடிக்காது. இவை பெண் கொசுவோடு சேர்ந்து பிறக்கும் புழுக்கள் வளர்ந்து கொசுவாகாமலே செத்துவிடும்படி செய்யப்பட்டவை. டெங்கியைக் குறைக்கும் நோக்கம். எத்தனை நாள் உயிரோடு இருக்கும், எவ்வளவு தூரம் பறக்கும் என்று பார்ப்பதற்கான சின்னச் சோதனைதான்.

அறிவியல் பக்கம் அனுமதி முறையாக வாங்கியிருந்தார்கள். கருத்துக் கேட்டு முன்பே பத்திரிகையில் அறிவிப்பும் வந்திருந்தது. ஆனால் கொசுவை விட்டாயிற்று என்ற செய்தி மக்கள் காதுக்கு வந்தது 2011 ஜனவரி கடைசியில், எல்லாம் முடிந்த பிறகு. இன்னும் விடவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் கொதித்தார்கள். பயனீட்டாளர், சுற்றுச்சூழல் அமைப்புகள் கண்டித்தன. கொசுவால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. தீங்கு நேர்ந்தது நம்பிக்கைக்கு. இன்றைக்கும் எங்கள் ஊரில் புகையடிக்கும் லோரி வந்தால், "அந்தக் கொசுவை விட வந்திருக்கானுங்களா?" என்று கேட்கிற பாட்டிமார் உண்டு. ஒரு வாரம் முன்னால் ஊர்த் தலைவரையும் தோட்ட நிர்வாகத்தையும் கூப்பிட்டு ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்தப் பயம் இத்தனை ஆண்டு நீண்டிருக்காது.

இப்போது விடுகிற வொல்பாக்கியா கொசுவும் அதுதானா?

இல்லை. வொல்பாக்கியா என்பது பல பூச்சிகளின் உடலில் இயற்கையாகவே வாழும் பாக்டீரியா. அதை ஏடிஸ் கொசுவுக்குள் புகுத்தி வளர்த்தால் டெங்கிக் கிருமி அதில் சரியாகப் பெருகாது. மரபணுவில் கை வைப்பதில்லை. 2017 முதல் சிலாங்கூரில் சோதித்தார்கள், குடியிருப்பாளர்களிடம் பேசிச் சம்மதம் பெற்ற பிறகு. விட்ட இடங்களில் டெங்கி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாக 2019ல் ஆய்வு வெளியானது. பெந்தோங்கில் விட்டுப்போனதை இங்கே செய்தார்கள். இந்தச் சோதனை பல இடங்களுக்கு விரிந்ததில் அதற்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

மரபணு மாற்றாத பொருள் என்றால் பயமில்லை, அப்படித்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. நான் வேலை பார்த்த துறையிலேயே இதற்குப் பெரிய பாடம் இருக்கிறது.

நல்ல காய்ப்புள்ள செம்பனை மரத்தின் திசுவை எடுத்து, கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, ஆயிரக்கணக்கில் அதே மாதிரிக் கன்றுகளை உண்டாக்கலாம் என்று 1970களில் கண்டுபிடித்தார்கள். மரபணு எதையும் மாற்றவில்லை. கன்றுகளை நட்டார்கள். சில ஆண்டு கழித்துப் பூத்தபோது பார்த்தால், பல மரங்களில் பழங்கள் விகாரமாக இருந்தன. பழத்தைச் சுற்றிக் கூடுதல் இதழ்கள் விரல்களைப் போல எழும்பி நிற்கும். கையில் எடுத்தால் சின்னப் பூசணிக்காயைப் பிளந்து வைத்த மாதிரி இருக்கும். மோசமாகப் பாதித்த குலை முற்றாமலே வாடி அழுகிவிடும். எண்ணெய் கிடைக்காது. காரணம் தெரிய முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது. 2015ல் மலேசியச் செம்பனை வாரியத்தின் விஞ்ஞானிகள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து கண்டுபிடித்தார்கள். மரபணுவின் எழுத்து மாறவில்லை, அதன்மேல் ஒட்டியிருக்கும் ஒரு வேதியியல் குறி குடுவையில் வளரும்போது கழன்றுபோகிறது. இப்போது கன்று சின்னதாக இருக்கும்போதே சோதித்துக் கழித்துவிட வழி பிறந்திருக்கிறது.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது, எந்த முறையில் செய்தார்கள் என்பதைவிட என்ன வெளியே வருகிறது, வந்து என்ன செய்கிறது என்பதைப் பார்த்துக் கட்டுப்படுத்துவது மேல் என்பது. பைப்புழுவுக்கு அடிக்கும் இயற்கையான பாக்டீரியா சட்டம் 678க்குள் வராது, பூச்சிமருந்துச் சட்டம் 1974க்குள் வரும். அது சரியான இடம்தான், ஏனென்றால் அது மருந்தாகத்தான் பயன்படுகிறது. உலகம் இதில் இன்னும் ஒருமனப்படவில்லை. மரபணுத் திருத்தம் (பயிரின் சொந்த மரபணுவிலேயே சின்ன மாற்றம்) செய்த பயிர்களும் மரபணு மாற்றிய பயிர்களே என்று 2018ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளி மரபணு இல்லாத திருத்தப் பயிர்களுக்கு இந்தியா 2022ல் விலக்கு அளித்தது.

சிறுதோட்டக்காரன் நான். கன்று வாங்கும்போது ஏமாறாமல் இருக்க என்ன செய்ய?

செம்பனை வாரிய உரிமம் பெற்ற நாற்றங்காலில் வாங்குங்கள். விதை எங்கிருந்து வந்தது என்ற தாளைக் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று லோரியில் வருவதை வாங்காதீர்கள்.

காரணம் இது. நமக்கு வேண்டியது டெனெரா என்ற செம்பனை வகை. பழத்தைக் குறுக்கே வெட்டினால் ஓடு மெல்லியதாக, சதை தடிப்பாக இருக்கும். டூரா என்ற வகை கலந்துவிட்டால் ஓடு தடித்து, எண்ணெய் குறையும். கன்றைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய எவராலும் முடியாது. காய்த்த பிறகுதான் தெரியும், அதற்கு இரண்டரை, மூன்று ஆண்டு ஆகும். அதற்குள் உரமும் உழைப்பும் மண்ணுக்குள் போயிருக்கும். இந்த ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணுவை 2013ல் கண்டுபிடித்த குழுவில் முன்னின்றவர்களில் ஒருவர் செம்பனை வாரியத்தின் டாக்டர் ரவிகதேவி சம்பந்தமூர்த்தி. இப்போது இலைத்துண்டை வைத்தே சோதிக்க முடியும். கட்டுப்பாடும் கண்டுபிடிப்பும் ஒன்றுக்கொன்று தோள் கொடுப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உரிமம் கேட்கிற விதி முன்பே இருந்தது, அதைச் சரிபார்க்கும் கருவியைப் பின்னால் அறிவியல் தந்தது.

சோயாவில் மரபணு மாற்றம் இருந்தால் பாக்கெட்டில் போடுவார்களா?

மலேசிய உணவு விதிகளின்படி மரபணு மாற்றிய பொருள் 3 விழுக்காட்டுக்கு மேல் கலந்திருந்தால் குறிப்பிட வேண்டும். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெய், சர்க்கரை போன்றவற்றில் மாற்றிய மரபணுவோ புரதமோ மிஞ்சாது என்பதால் விலக்கு. பாசாரில் வாளித் தண்ணீரில் மிதக்கிற தௌபூவுக்கு, அந்தச் சோயாக் கட்டிக்கு, ஏது லேபிள்? விற்கிறவரைத்தான் கேட்க வேண்டும்.

"ஸ்டெம் செல்" பொடி நீரிழிவைக் குணமாக்கும் என்று சொந்தக்காரர் விற்கிறாரே?

வாங்காதீர்கள். இன்சுலினை நிறுத்திவிட்டு எந்தப் பொடியையும் குடிக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மருந்தென்று விற்கிற பொருளின் பெட்டியில் "மால்" என்று ரோமன் எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும், ஹோலோகிராம் ஒட்டு இருக்க வேண்டும். தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டினால் உண்மையா பொய்யா தெரியும். எண் இருந்தாலும், பாரம்பரிய மருந்தாகவோ சத்துப் பொருளாகவோ பதிந்த ஒன்று நோயைக் குணமாக்கும் என்று சொல்லிக்கொள்ள அதற்கு உரிமை இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் இன்சுலினைப் போலவே இன்னொரு நிறுவனம் செய்தால் அதை எப்படிச் சோதிப்பது என்று மலேசியா 2008லேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. இந்த வட்டாரத்தில் முந்திக்கொண்ட நாடுகளில் ஒன்று. இப்போது ஜொகூரிலேயே இன்சுலின் ஆலை ஓடுகிறது. என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டித் தெரிந்தால்தான் ஆலை கட்டப் பணம் போடுகிறவர் துணிவார். தெளிவில்லாத விதி கடுமையான விதியைவிடக் கெடுதல்.

கம்பெனி ரகசியம் என்று சொல்லி எல்லாவற்றையும் மறைக்க முடியுமா?

தயாரிப்பு நுட்பத்தை மறைக்கலாம். உயிரியல் பாதுகாப்பு பற்றி மலேசியா ஒப்புக்கொண்ட பன்னாட்டு கார்த்தஜீனா உடன்படிக்கை நான்கை ரகசியமாக்க விடாது: விண்ணப்பித்தவர் பெயரும் முகவரியும், அந்த உயிரின் பொதுவான விவரம், ஆபத்து மதிப்பீட்டின் சுருக்கம், அவசரத் திட்டம். இந்த நான்கையும் தைரியமாகக் கேளுங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?

அனுமதியில்லாமல் வெளியே விட்டால் தனிமனிதருக்கு 250,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஐந்தாண்டுவரை சிறை. நிறுவனத்துக்கு 500,000 வெள்ளிவரை. அபராதம் அரசாங்கக் கருவூலத்துக்குப் போகும். செடி கெட்டவர் கைக்கு வராது. சேதத்தைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது என்பதற்காகவே 2010ல் ஜப்பானின் நகோயாவில் கார்த்தஜீனாவுக்கு ஒரு துணை உடன்படிக்கை ஏற்கப்பட்டது. நம் தலைநகரில் தொடங்கிய பேச்சு என்பதால் அதற்கு நகோயா, கோலாலம்பூர் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கிறது. 2018ல் நடப்புக்கு வந்தது. ஊர் மட்டத்தில் எனக்கு வேண்டியது இதைவிடச் சின்னது. சோதனை நிலத்துக்கு அனுமதி தரும்போதே ஒரு தொகையை முன்பணமாகக் கட்டச் சொல்ல வேண்டும். பக்கத்து நிலத்துக்காரருக்குச் சேதம் என்றால் வழக்குக்கு அலையாமல் அதிலிருந்து கொடுக்கலாம்.

இந்தியாவில் கத்தரிக்காயை நிறுத்தினார்களே, நாமும் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமே?

2010 பிப்ரவரியில் இந்தியா பிடி கத்தரிக்காயை, அதாவது புழுவை எதிர்க்கும்படி மரபணு மாற்றிய கத்தரியை, நிறுத்தி வைத்தது. ஏழு நகரங்களில் மக்களைக் கூட்டிக் கேட்ட பிறகு எடுத்த முடிவு. அதே கத்தரியைப் பங்களாதேஷ் 2013ல் அனுமதித்தது, அடுத்த ஆண்டு விவசாயிகள் நட்டார்கள். ஒரே காய், இரண்டு முடிவு. நிறுத்துவதற்கும் விலை உண்டு, நிறுத்தியவரை அந்த விலை கேட்காமல் பூச்சிமருந்தை அதிகம் அடிக்கிறவரைக் கேட்கும். ஆகவே, நிறுத்தினால் எதுவரை, எந்தச் சோதனை முடிந்தால் மறுபடி பார்ப்போம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, நம்மைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்?

வெளியே விடுவதற்கான விண்ணப்பம் வந்தால் கருத்துச் சொல்லப் பொதுமக்களை வாரியம் அழைக்கும். அறிவிப்பு பத்திரிகையிலும் இணையத்திலும் வரும். மலாயிலும் ஆங்கிலத்திலும் வருவதால் நம் பெரியவர்கள் பலர் பார்க்காமல் போகிறார்கள். தமிழிலும், தோட்டத்து அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும் என்று நான் ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். நீண்ட கட்டுரை வேண்டாம். எந்த இடத்தில் விடப்போகிறார்கள், அங்கிருந்து லயம் எவ்வளவு தூரம், ஓடைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, அதைக் கையாளும் தொழிலாளிக்கு யார் பயிற்சி கொடுப்பார்கள், கையுறை கிழிந்தால் அன்றைக்கே மாற்றுவார்களா, தகவல் கேட்க எந்த எண்ணுக்கு அழைப்பது. இந்த ஆறுக்கும் பதில் கேட்டு உங்கள் பெயரும் முகவரியும் போட்டு அனுப்பினால் போதும்.

மலாயில் எழுத வராதவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பள்ளி நூலகத்துக்கு வாருங்கள். நீங்கள் தமிழில் சொல்லுங்கள், நான் மலாயில் எழுதித் தருகிறேன். சென்ற வாரம் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் என் அம்மாவோடு மருந்தடித்தவர், எழுபத்தெட்டு வயது. அவர் எழுதச் சொன்னது கையுறையைப் பற்றித்தான்.